ஜேஸ்டோரா, எம்எல்ஏவா? ஒரு மெல்வில் கதையை வைத்துப் பார்த்துவிடுவோம்

அமெரிக்க இலக்கியத்தில் கட்டுரை எழுத உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் திறப்பது ஜேஸ்டோர் (JSTOR) என்கிற ஆய்விதழ் இணையக் காப்பகத்தைத்தான். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன். எம்எல்ஏ (MLA) என்கிற ஆய்வு நூற்பட்டியலை முதலில் பார்க்காமல் ஜேஸ்டோருக்குப் போகும் அந்த வரிசை தவறு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஏன் என்று காட்ட ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்வோம்: ஹெர்மன் மெல்விலின் 'பார்ட்டில்பி'. வால் ஸ்ட்ரீட் வக்கீல் ஆபீஸில் பத்திரங்களை நகலெடுக்கும் குமாஸ்தா, நகலைச் சரிபார்க்கக் கூப்பிட்டதும் 'செய்யாமல் இருப்பதையே விரும்புகிறேன்' என்று அமைதியாகச் சொல்லி நின்றுவிடுகிறானே, அந்தக் கதை.

ஜேஸ்டோரில் அவன் பெயரைத் தட்டினால் முடிவுகள் ஆயிரக்கணக்கில் வரும். அதில் பாதிக்கும் மேல் உங்களுக்குத் தேவைப்படாது. தத்துவக் கட்டுரையில் ஒரு வரி உதாரணம், சட்ட இதழில் ஓர் அடிக்குறிப்பு, யாரோ எழுதிய புத்தகத்துக்கு மதிப்புரை, பதிப்பக விளம்பரம் என்று எல்லாம் கலந்து கிடக்கும். காரணம் அது உருவான விதம். நூலக அலமாரிகளில் இடமில்லாமல் போனதால் 1990களில் பழைய இதழ்களை முதல் இதழிலிருந்து அட்டை முதல் அட்டை வரை ஸ்கேன் செய்யத் தொடங்கினார்கள், தேடலும் அந்தப் பக்கங்கள் அத்தனையிலும் உள்ள சொற்களைத்தான் தேடுகிறது. அந்தச் சொல் அங்கே முக்கியமா, போகிற போக்கில் வந்ததா என்று அதற்குத் தெரியாது.

எம்எல்ஏ நூற்பட்டியல் நேர் எதிர். மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் 1920களிலிருந்து தொகுத்துவருவது. அடிப்படையில் அது ஒரு பட்டியல்தான், கட்டுரையே அங்கே இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். ஆனால் ஒவ்வொரு பதிவையும் ஆட்கள் பார்த்து, இது எந்த எழுத்தாளரைப் பற்றியது, எந்தப் படைப்பைப் பற்றியது, என்ன கருத்தைப் பேசுகிறது என்று குறித்துவைக்கிறார்கள். இந்தக் கதைக்கு அது எவ்வளவு உதவும் தெரியுமா? 1853ல் பத்திரிகையில் வந்தபோது நீண்ட தலைப்பு, 1856ல் தொகுப்பில் சேர்ந்தபோது வெறும் 'பார்ட்டில்பி'. விமர்சகர்கள் இஷ்டத்துக்கு இரண்டையும் எழுதுவார்கள். படைப்பின் பெயரில் தேடினால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து வரும். தனிப் புத்தக மதிப்புரைகளை அது பொதுவாகச் சேர்ப்பதில்லை என்பதால் குப்பையும் குறைவு. எனக்கு இதைவிடப் பெரிய லாபம், கட்டுரைத் தொகுப்புகளின் அத்தியாயங்களும் முனைவர் பட்ட ஆய்வேடுகளும் இதில் இருப்பதுதான். இதழ்களை மட்டும் பார்க்கிறவர்கள் தவறவிடுவது முக்கியமாக இவற்றைத்தான்.

சரி, அப்படியானால் எம்எல்ஏ மட்டும் போதுமா? போதாது. லியோ மார்க்ஸ் 1953ல் 'சிவானி ரிவ்யூ'வில் இந்தக் கதையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பில் 'பார்ட்டில்பி' என்ற சொல்லே கிடையாது, 'மெல்விலின் சுவர்களின் உவமைக் கதை' என்கிற மாதிரித் தலைப்பு. பழைய பதிவுகளில் பொருள் குறிப்புகளும் இன்றைய அளவுக்கு விரிவாக இருக்காது. இந்த இடத்தில் கட்டுரையின் உள்ளே புகுந்து தேடும் ஜேஸ்டோர் ஜெயிக்கிறது. கதையின் அந்த ஒற்றை வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள், அதை எடுத்தாண்டவர்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள். தேடும்போது மதிப்புரைகளை விலக்கி, துறையை இலக்கியம் என்று சுருக்கிக்கொண்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

ஆனால் ஜேஸ்டோரின் பெரிய ஓட்டை வேறு. பல இதழ்களுக்கு அங்கே 'நகரும் சுவர்' என்று ஒன்று உண்டு, கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டு இதழ்கள் அதற்கு அந்தப் பக்கம் நின்றுவிடும். அதை மட்டும் நம்பி எழுதினால் உங்கள் கட்டுரை பிறக்கும்போதே சில வருடம் பழையதாக இருக்கும். அதற்குத்தான் ப்ராஜெக்ட் மியூஸ் என்கிற இன்னொரு ஆய்விதழ்த் தளம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, புதிய இதழ் வந்ததும் ஏறிவிடும். அளவில் சிறியது, ஆனால் மெல்வில் ஆய்வுக்கென்றே நடக்கும் 'லெவியாதன்' இதழ் அங்கேதான் வருகிறது. மெல்விலில் வேலை செய்கிறவர் மியூஸைத் திறக்காமல் இருப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

கேல் (Gale) என்கிற இலக்கியத் தரவுத்தளம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாழ்க்கைக் குறிப்புக்கும், பழைய விமர்சனங்களை ஒரே இடத்தில் பார்க்கவும் நல்லது, இளங்கலை மாணவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஒன்று மட்டும்: அங்கே பல விமர்சனங்கள் பகுதியாகத்தான் இருக்கும், மேற்கோள் காட்டும் முன் மூலத்தைத் தேடிப் படித்துவிடுங்கள்.

ஆக நான் போகும் வழி இது: முதலில் எம்எல்ஏவில் பட்டியல், அதிலிருந்து நூலக இணைப்பு வழியாக ஜேஸ்டோருக்கோ மியூஸுக்கோ போய்க் கட்டுரை, கிடைக்காததற்கு வேறு நூலகத்திலிருந்து தருவிக்க விண்ணப்பம், அப்புறம்தான் ஜேஸ்டோரில் சொல் தேடல். நூலக லாகினே இல்லாதவர்கள் ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை இணையத்திலேயே படிக்கலாம், பதிவிறக்கம்தான் கிடையாது.

கடைசியாக, காசே கேட்காத ஹாத்தி டிரஸ்ட், நூலகங்களின் பழைய நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் மின்நூலகம். பெயரில் இருப்பது யானையைக் குறிக்கும் இந்திச் சொல்தான். விமர்சனத்துக்கு அங்கே போகாதீர்கள், மூலத்துக்குப் போங்கள். 1853 நவம்பர், டிசம்பர் 'பட்னம்ஸ்' இதழ்களில் இந்தக் கதை இரண்டு பாகமாக வந்தது. ஆனால் ஆசிரியர் பெயரில் தேடிப் பயனில்லை, அச்சில் மெல்விலின் பெயரே போடவில்லை. இதழின் பெயரையும் ஆண்டையும் கொடுத்து உள்ளே போய்ப் பக்கங்களைப் புரட்டுங்கள். எழுதியது யார் என்று தெரியாமலே அன்றைய வாசகர்கள் படித்த அதே பக்கத்தை நீங்களும் படிக்கலாம்.