பகாவில் நடந்த ஆள்கடத்தல் தடுப்புப் பயிற்சி: ஒரு குத்தகையாளரின் மதிப்பீடு

செம்பனைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் குத்தகையாளர்களுக்காகவும் பழ லோரி வைத்திருப்பவர்களுக்காகவும் சென்ற மாதம் மலேசியாவின் பகாவில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. பழம் கொடுக்கிற எல்லாரும் வர வேண்டும் என்று எங்கள் செம்பனை ஆலை கடிதம் அனுப்பியதால் நானும் போனேன். மதிய உணவு உட்பட ஒருவருக்கு 280 ரிங்கிட் கட்டணம். என்னிடம் குலை வெட்டவும் ஏற்றவும் 14 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 9 பேர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள்.

எங்களைப் போன்ற சிறியவர்களுக்கு ஏன் இந்தக் கடிதம் என்று கேட்டவர்களுக்குப் பயிற்சியாளர் தொடக்கத்திலேயே விளக்கம் சொன்னார். கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள் தென்பட்டதாகக் கூறி, 2020-இல் அமெரிக்கச் சுங்கத் துறை எஃப்.ஜி.வி., சைம் டார்பி பிளான்டேஷன் ஆகிய இரு மலேசியத் தோட்ட நிறுவனங்களின் செம்பனை எண்ணெயைத் தன் துறைமுகங்களில் தடுத்து நிறுத்தியது. அன்று முதல், எண்ணெய் வாங்குபவர் ஆலையைக் கேட்கிறார், ஆலை எங்களைக் கேட்கிறது. சட்டப் பகுதி காலை முழுவதும் நீண்டது. 2007-ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம், 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தில் கட்டாய உழைப்பைத் தனிக் குற்றமாக்கிய பிரிவு, அதற்கு 1,00,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டுமே என எல்லாம் தேவையான செய்திகள்தாம். ஆனால், திரையில் உள்ளதை அப்படியே வாசித்ததால் பலர் வெளியே தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

மதியத்துக்குப் பின் நடந்த பயிற்சிக்காக மட்டுமே இன்னொரு முறை 280 ரிங்கிட் கொடுப்பேன். பெயர் மறைக்கப்பட்ட மூன்று சம்பளச் சீட்டுகளை மேசைக்கு மேசை கொடுத்து, எங்கே தவறு என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒன்றில் 'லெவி' என்று ஒரு பிடித்தம் இருந்தது. வெளிநாட்டு ஆளுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் வரி அது; 2018 முதல் அதை முதலாளிதான் கட்ட வேண்டும். இன்னொன்றில் 'மற்றவை – 150' என்று மட்டும் இருந்தது. அது எதற்கான பணம் என்று பயிற்சியாளர் கேட்டபோது, ஏறக்குறைய முப்பது பேர் இருந்த மண்டபத்தில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் வகுத்த 11 அறிகுறிகளையும் இப்படி ஒவ்வொரு சீட்டாக, ஒவ்வொரு படமாக வைத்துக் காட்டினார்கள்: பிடித்துவைத்த சம்பளம், கடன் சுமை, மிரட்டல், ஏமாற்றி அழைத்து வருதல், எல்லைமீறிய கூடுதல் நேர வேலை போன்றவை.

கடப்பிதழ் (பாஸ்போர்ட்) பற்றிய பகுதியில் என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. தொலைந்துவிடும் என்று நினைத்து, ஒன்பது பேருடைய கடப்பிதழ்களையும் என் வீட்டு இரும்பு அலமாரியில்தான் வைத்திருந்தேன். சாவி என்னிடம் இருக்கும்வரை, என்ன நோக்கத்தோடு வைத்திருந்தாலும் அது அவர்களைக் கட்டிப்போட்டது போலத்தான் என்றார் பயிற்சியாளர். மறுநாளே ஒன்பதையும் திருப்பிக் கொடுத்து, விடுதியில் ஆளுக்கொரு பூட்டுள்ள பெட்டியும் வாங்கி வைத்தேன்.

அன்று கற்ற கேள்வி ஒன்றையும் அப்போதே கேட்டேன். "நன்றாக இருக்கிறாயா?" என்று மண்டோர் (வேலையை மேற்பார்ப்பவர்) பக்கத்தில் நிற்கும்போது கேட்காமல், "ஊரில் யாருக்கு எவ்வளவு கொடுத்துவிட்டு வந்தாய்?" என்று தனியாகக் கேட்க வேண்டும் என்பது பாடம். என்னிடம் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்யும் இளைஞர் சற்று நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "அம்மாவின் வயல் அடகில் இருக்கிறது, போஸ். இன்னும் பாதி கட்டவில்லை" என்றார். என் பாட்டனார் கங்காணி கொடுத்த முன்பணத்தைச் சுமந்துகொண்டு இந்நாட்டுக்கு வந்தவர். இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்திய அந்த முறையைப் பற்றி வீட்டில் எத்தனையோ முறை கேட்டிருந்தும், என் ஆளிடம் இதை இரண்டு ஆண்டுகளாகக் கேட்கத் தோன்றவில்லையே என்பது இன்னும் உறுத்துகிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கையேடு ஆங்கிலத்திலும் மலாயிலும் மட்டுமே இருந்தது. ஆட்களோடு நாள் முழுவதும் இருப்பவர்கள் மண்டோர்கள், அவர்களில் வயதானவர்களுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். தொழிலாளர்களுக்கு வங்காள மொழியில் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளி ஏற்கக் கூடாது, முதலாளியே ஏற்க வேண்டும் என்றார்கள். அதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால், ஏற்கெனவே ஏஜெண்டுக்குப் போன பணத்தை நான் திருப்பிக் கொடுப்பதென்றால், ஆலை தரும் டன் விலையில் அதற்கு இடம் உண்டா என்று கேட்டபோது, அது ஆலையோடு பேச வேண்டியது என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். ஆலையிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு அதிகாரிகளும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வகுப்புக்கு என் மண்டோரையும் கணக்கு எழுதும் பெண்ணையும் அனுப்புகிறேன். போகிறவர்கள் தங்கள் சம்பளப் புத்தகத்தையும் கையோடு கொண்டு போங்கள். இடைவேளையில் பயிற்சியாளர் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறார். அந்த இளைஞரின் கடனுக்காக ஆலைக்குக் கடிதம் எழுதி மூன்று வாரமாகிறது. இன்னும் பதில் வரவில்லை.