ஏ4 வீதியில் பன்னிரண்டு வருடத்துக்கு மேல்

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 வீதியை வரைபடத்தில் பார்த்தால் மேற்கிலிருந்து கிழக்குக்கு ஒரு கோடு என்று நினைப்பீர்கள். அதற்கு நேராகப் போகும் பழக்கமே இல்லை. இரத்தினபுரி, பலாங்கொடை என்று சுற்றி மலையேறும். பேரகலையில் மறுபக்கம் இறங்கும். பொத்துவிலில் கரையைப் பிடித்ததும் வடக்கே திரும்பிவிடும். மொத்தம் சுமார் 430 கிலோமீற்றர். மட்டக்களப்புக்கென்றால் பொலன்னறுவைப் பாதைதான் கிட்ட.

நான் அக்கரைப்பற்று ஆள். 2012இலிருந்து மருதமுனைக் கைத்தறிச் சாரங்களை ஏற்றிக்கொண்டு மாதம் இரண்டு தடவையாவது கொழும்புக்கு வான் ஓட்டுகிறேன்.

கரையோரத் துண்டு சமதரை. ஆனால் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒட்டிக்கொண்டே வரும். கடைப் பலகையைப் படித்தால்தான் எந்த ஊர் என்று தெரியும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அகப்பட்டால் போச்சு. மட்டக்களப்புப் பக்கம் பெரிய மாற்றம் என்றால் 2013இல் திறந்த கல்லடிப் புதுப்பாலம். அதற்கு முன் பழைய பாலத்தில் எதிரே வரும் வரிசை முடியும்வரை காத்துக்கிடக்கவேண்டும்.

லாகுகலையில் பொழுதுபட்டால் யானை. ஹோர்ன் அடிக்காமல் தள்ளி நிறுத்துங்கள், அது போகட்டும்.

இந்த வீதியின் உண்மையான பரீட்சை வெல்லவாயவுக்கும் பேரகலைக்கும் இடையில்தான். பாரத்தோடு ஏறினால் என்ஜின் கொதிக்கும். இறங்கும்போது பிரேக்கையே நம்பினால் தீய்ந்த வாடை வரும். இரண்டாம் கியரில் விட்டு, பிரேக்கை விட்டு விட்டுத் தொடவேண்டும். ஒருமுறை கொஸ்லந்தைக்குக் கிட்ட ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். "எங்கங்க தம்பி போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே, பழைய சைக்கிள் டியூப்பைப் பட்டியாகக் கிழித்து ஹோஸைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பலாங்கொடை வரை அது தாங்கியது. 220 மீற்றர் உயரத் தியலும நீர்வீழ்ச்சியும் இந்தத் துண்டில்தான். படம் எடுக்கிறவர்கள் வளைவில் நிறுத்தாமல் இருந்தால் புண்ணியம்.

2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, மழை இரவில் அந்த இறக்கத்தை நான் தொடுவதில்லை. வெல்லவாயவிலோ பெலிஹுல்ஓயாவிலோ படுத்துவிட்டு விடிந்ததும் கிளம்புவேன். சரக்கு ஒரு நாள் பிந்தினால் பிந்தட்டும். இரத்தினபுரியிலும் களு கங்கை பொங்கினால் இதே கதை.

2020இல் தெற்கு அதிவேகப் பாதை ஹம்பாந்தோட்டை வரை வந்ததிலிருந்து, மழைக்காலத்தில் வெல்லவாயவில் திரும்பி, தணமல்வில, மத்தல என்று போய் ஏறிவிடுகிறேன். காசு போனாலும் மலை மிச்சம். ஆனால் அது கொட்டாவையில் என்னைக் கொண்டுபோய் விடுவது எங்கே? ஹைலெவல் வீதியில். அதுவும் ஏ4தான். அங்கிருந்து நுகேகொட வரை, பஸ்ஸுக்குப் பின்னால் முதலாம் கியரில்.