300 ரூபாய் டெஸ்ட்டும் 4,800 ரூபாய் பேக்கேஜும்

இந்த முறை மூன்று வார லீவில் கும்பகோணம் போனது வீட்டு ஓட்டை மாற்ற. ஓடு அப்படியே இருக்கிறது. போன மறுநாளிலிருந்து சித்தப்பாவோடு திருச்சிக்கும் ஊருக்குமாக அலைச்சல். இட்லிகூடத் தொண்டையில் இறங்கவில்லை என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். எண்டோஸ்கோப்பியில் தெரிந்துவிட்டது: உணவுக்குழாயின் நடுவில் ஸ்குவாமஸ் செல் வகைப் புற்றுநோய். 40 வருஷமாக வெற்றிலை, பாக்கு, புகையிலை.

வேகத்தைக் குறை சொல்லவே முடியாது. லண்டனில் ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக் காத்திருந்து பழகியவன் நான். இங்கே சி.டி.யும் பயாப்சி ரிப்போர்ட்டும் ஐந்தே நாளில் வாட்ஸாப்பில் வந்துவிட்டன. ரத்தம் எடுக்கும் பையன் காலை ஆறு மணிக்கே வாசலில் நின்றான். காப்பீட்டு அட்டையில் ஒரு இனிஷியல் மாறியிருந்ததில் மட்டும் அரை நாள் போயிற்று.

என் வருத்தம் லேப் கவுண்டரில்தான். "கேன்சர் மார்க்கர் பேக்கேஜ் சார், எல்லாமே தெரிஞ்சிடும்" என்றார்கள். 4,800 ரூபாய். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிற திமிர், உடனே கட்டிவிட்டேன்.

டாக்டர் அந்த ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்தார். "இதை வச்சு நான் எந்த முடிவும் எடுக்கப் போறதில்ல சார்." பிறகு 300 ரூபாய் சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண டெஸ்ட்) பேப்பரை எடுத்து இரண்டு எண்களை வட்டமிட்டார். வெள்ளையணுக்களில் நியூட்ரோஃபில் 78 சதவீதம், லிம்போசைட் 14 சதவீதம். வகுத்தால் ஐந்தரை. கட்டி உடம்பில் அழற்சியைக் கிளப்பும்போது முதல் வகை வெள்ளையணு கூடும், கட்டியோடு மோத வேண்டிய இரண்டாவது வகை குறையும். சிகிச்சைக்கு முன்பே இந்த விகிதம் ஏறியிருந்தவர்கள் சராசரியாகக் குறைந்த காலமே வாழ்ந்ததாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எதற்கு மேல் போனால் மோசம் என்ற கோடுதான் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது.

அடுத்து ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம், 3.1. ஜப்பானில் ஒனோடெரா என்ற மருத்துவர் 1984-இல் தந்த கணக்கு ஒன்று உண்டு: ஆல்புமினைப் பத்தால் பெருக்கி, லிம்போசைட் எண்ணிக்கையை 0.005-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். சித்தப்பாவுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,260 லிம்போசைட். கூட்டினால் 37 சொச்சம். 40-க்குக் கீழே என்றால் அறுவை சிகிச்சையைத் தாங்குவாரா என்று யோசிக்க வேண்டுமாம்.

"அப்ப எத்தனை மாசம் டாக்டர்?" என்று கேட்டேவிட்டேன்.

"இது நூறு பேரைப் பத்திச் சொல்ற கணக்கு சார். உங்க சித்தப்பா ஒருத்தர்."

சிகிச்சைத் திட்டம் நெதர்லாந்தில் நடந்த கிராஸ் ஆய்வின் வழி: வாரம் ஒரு கீமோவாக ஐந்து, கூடவே 23 தடவை கரண்ட் (கதிர்வீச்சு), அப்புறம் ஆபரேஷன். 2012-இல் வெளியான அந்த ஆய்வில், ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் 24 மாதம் தாண்டினார்கள். இப்படிச் சேர்த்துச் செய்தவர்களில் பாதிப் பேர் 49 மாதம் தாண்டினார்கள். ஆனால் டாக்டர் உடனே தொடங்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, பத்து நாள் சாப்பாட்டை ஏற்றச் சொன்னார். அழற்சியாலும் ஆல்புமின் இறங்கும், கஞ்சி மட்டும் அதைத் தூக்கிவிடாது, இருந்தாலும் நம் கையில் இருப்பது எடைதான் என்றார். சித்தி சத்துமாவுக் கஞ்சியை இரண்டு தடவை வடிகட்டி, சிரிஞ்சில் ஏற்றப் பழகிக்கொண்டார். டயட்டீஷியன் அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். முட்டை வெள்ளையை எப்படிக் கலப்பது என்று இரண்டு தடவை செய்து காட்டினார்.

முதல் கீமோ முடிந்த மறுநாள் நான் விமானம் ஏறினேன். லண்டனில் இறங்கியதும் புது ரிப்போர்ட் வந்திருந்தது. விகிதம் 12. ஏர்போர்ட்டில் நின்றபடியே வார்டுக்குப் போன் போட்டேன். நர்ஸ் சிரித்தார்: "கீமோவுக்கு முன்னாடி ஸ்டீராய்டு போட்டோம்ல சார், அதுல ஏறத்தான் செய்யும். கரண்ட் வைக்க வைக்க லிம்போசைட்டும் இறங்கும். இனிமே அதை வகுத்துப் பாக்காதீங்க."

வகுப்பதை விட்டுவிட்டேன். சித்தி இப்போது வாரம் ஒரு போட்டோ அனுப்புகிறார்: எடை மெஷினும் சித்தப்பாவின் இரண்டு பாதங்களும். போன வாரம் 48.6. நேற்று 49.1.