நிகழ்தகவு ஹோம்வொர்க்: உதவிக்கு யாரிடம் போகலாம்?

ஒரு பகடையை நான்கு முறை உருட்டுகிறோம். ஒரு முறையாவது 6 விழுவதற்கான நிகழ்தகவு என்ன? முதன்முதலில் படிக்கிறவர்கள் பலர் 4/6 என்று எழுதுவார்கள். ஒரு முறைக்கு 1/6, நான்கு முறைக்கு நான்கு மடங்கு என்ற நினைப்பு. நான்கு முறையும் 6 விழாமல் போகும் நிகழ்தகவு (5/6)⁴. அதை 1இலிருந்து கழித்தால் வருவதுதான் சரியான விடை: 1 − (5/6)⁴, சுமார் 0.518. இந்த ஒரு தப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய்ப் பார்ப்போம்.

புத்தகத்தின் பின்னால் இருக்கும் விடைப் பட்டியல் 0.518 என்று காட்டும். 4/6 ஏன் ஆகாது என்று சொல்லாது. சராசரி, இடைநிலை மாதிரி நேரடிக் கணக்குகளைச் சரிபார்க்க அது போதும். எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்கும் திட்ட விலக்கம் வந்தாலே சிக்கல்தான். 2, 4, 6 என்ற எண்களுக்கு, சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டி, மூன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.63 வரும், ஒன்றைக் குறைத்து இரண்டால் வகுத்து எடுத்தால் 2 வரும். முழுத் தொகுதியா, அதிலிருந்து எடுத்த ஒரு பகுதியான கூறா என்று கேள்வியைப் படித்துதான் முடிவெடுக்க வேண்டும்.

கான் அகாடமி போன்ற காணொளிகள் பாடத்தை நன்றாகவே நடத்துகின்றன. நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் உங்கள் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

சாட்ஜிபிடி மாதிரியான ஏஐக்கு அதைக் காட்டலாம். நடு ராத்திரியிலும் பதில் வரும், பத்தாவது தடவை கேட்டாலும் சலிக்காது. ஆனால் கேள்வியை மட்டும் ஒட்டினால் முழுத் தீர்வும் வந்து விழும். அதைப் பார்த்து எழுதினால் ஒன்றும் மனதில் நிற்காது. சொற்களில் நுணுக்கம் உள்ள நிபந்தனை நிகழ்தகவுக் கணக்குகளில் (ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்தபின் மற்றொன்றின் வாய்ப்பு), தப்பையும் அதே உறுதியோடு சொல்லிவிடும். அதனால் நான் பரிந்துரைக்கும் முறை: உங்கள் வழியை எழுதிக் கொடுத்து, "விடை வேண்டாம், எந்த வரியில் தப்பு என்று மட்டும் சொல்" என்று கேளுங்கள்.

நல்ல ஆசிரியர் 4/6ஐப் பார்த்ததும், "அப்போ ஏழு முறை உருட்டினா 7/6ஆ?" என்பார். நிகழ்தகவு 1ஐத் தாண்டுமா என்று மாணவருக்கே உறைக்கும். என் கணக்கில் இதற்கு ஈடு இல்லை. உடன் படிப்பவரும் இதைச் செய்யலாம். பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் பாதியில் நின்ற சூதாட்டத்தின் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கடிதம் எழுதி ஒருவர் வழியை ஒருவர் சோதித்ததில்தான் இந்தத் துறையே வேர் பிடித்தது. சேர்ந்து படிக்கும் நீங்கள் இருவரும் ஒரே தப்பைச் செய்திருந்தால்தான் ஆபத்து.

அதற்கு ஒரு நடுவர் இருக்கிறார்: ஸ்ப்ரெட்ஷீட். வரிசைக்கு நான்கு செல்லில் 1 முதல் 6 வரை தற்செயல் எண் போட்டு ஆயிரம் வரிசை இழுங்கள். 6 இருக்கும் வரிசைகள் 518ஐ ஒட்டி வரும். 667 பக்கமே போகாது. மூன்று கதவுகளில் ஒன்றின் பின்னால் பரிசு இருக்க, நாம் ஒன்றைத் தேர்ந்ததும் நடத்துபவர் பரிசில்லாத வேறொரு கதவைத் திறந்து காட்டினால் தேர்வை மாற்றுவது நல்லதா என்று கேட்கும் மான்ட்டி ஹால் புதிரின் விடையை (மாற்றுவதே நல்லது) நம்ப மறுத்த கணித மேதை பால் எர்டோஷ்கூட கணினியில் இப்படி ஓட்டிக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

பகடை, சீட்டு, நாணயக் கணக்குகளுக்கு முதலில் ஸ்ப்ரெட்ஷீட், பிறகு ஏஐ என்பது என் வரிசை. ஓர் அனுமானத்தைத் தரவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கருதுகோள் சோதனை வந்ததும் நேரே ஆசிரியரிடம் போய்விடுங்கள். அதில் வரும் பி-மதிப்பு, கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால் இந்த அளவுக்கோ இதைவிடவோ விலகிய தரவு கிடைக்கும் வாய்ப்பு. பி-மதிப்பு 0.03 என்றால் கருதுகோள் உண்மையாக இருக்க 3% வாய்ப்பு என்று நினைத்துக்கொண்டே எல்லா விடைகளையும் சரியாகப் போட்டுவிட முடியும். நீங்கள் வாய்விட்டுச் சொல்வதை ஒருவர் கேட்டால்தான் அந்தத் தப்பு பிடிபடும்.