அம்மாவின் எம்.ஆர்.ஐ.யும் ஒரு விடுபட்ட படமும்

இந்த முறை ஊருக்குப் போன லீவில் பாதி ஸ்கேன் சென்டர் வாசலிலேயே கரைந்தது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சில மாதங்களாக இடது கை விரல்களில் ஆரம்பித்து மெதுவாக முகம் வரை ஊர்ந்து ஏறுகிற மரமரப்பு, கொஞ்ச நேரத்தில் தானாகவே போய்விடும். நரம்பியல் டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்.

வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும், மறுநாளே எடுத்து மாலையில் ரிப்போர்ட்டும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ரிப்போர்ட்டின் சாரம், வயதுக்கேற்ற சிறு ரத்தக்குழாய் மாற்றங்கள், அவ்வளவுதான். டாக்டர் ஃபிலிமைப் புரட்டிப் பார்த்துவிட்டு "எஸ்.டபிள்யூ.ஐ. எங்கே?" என்றார். பழைய ரத்தக் கசிவைக் காட்டும் தனி வகை எம்.ஆர்.ஐ. படம் அது. எடுக்கவே இல்லை. திரும்பப் போய்க் கேட்டால் "எழுதியிருந்தால்தானே சார் எடுப்போம்" என்கிறார்கள். சீட்டின் இரண்டாவது வரியே அதுதான்! கொஞ்சம் குரலை உயர்த்திய பிறகு எடுத்தார்கள்.

சில நிமிஷ வேலை, ஆனால் விஷயம் முழுக்க அதில்தான் இருந்தது. மூளையின் ஓரப் பகுதிகளில் மிளகுத்தூள் தூவியது போல் கரும்புள்ளிகள். எப்போதோ கசிந்த ரத்தத்தின் இரும்பு அங்கேயே தங்கி காந்தப்புலத்தைக் குலைப்பதால் இப்படித் தெரியுமாம், சி.டி. ஸ்கேனில் இது தெரியாது. பிரஷரால் வரும் கசிவு பெரும்பாலும் தலாமஸ் மாதிரி ஆழமான இடங்களில் இருக்கும். ஓரத்தில் மட்டும் இருந்தால், பீட்டா அமிலாய்டு என்ற புரதம் குட்டி ரத்தக்குழாய்களின் சுவரில் படியும் நோய் (செரிப்ரல் அமிலாய்டு ஆஞ்சியோபதி) என்ற சந்தேகம் வலுக்கிறது. மூளை மடிப்பின் மேல், பழைய ரத்தம் படிந்த தடமாக ஒரு கருப்புக் கோடும் இருந்தது. மரமரப்புக்கு அதுதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். இதை மினி ஸ்ட்ரோக் என்று நினைத்து ரத்தம் உறையாத மருந்து கொடுத்தால் பெரிய கசிவில் போய் முடியலாம். நல்லவேளை, யாரும் இன்னும் ஆரம்பித்திருக்கவில்லை.

அப்புறம், சென்டரில் ஒருவர் "அமிலாய்டு பெட் ஸ்கேன் எடுங்கள், புரதமே தெரியும்" என்று ஆசை காட்டினார். புரதம் தெரியும், சரி, எங்கே இருக்கிறது என்று எப்படிப் பிரிப்பது? ஊசியில் போடும் மருந்து ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ளதிலும் ஒட்டும், அல்சைமரில் மூளைத் திசுவில் சேர்வதிலும் ஒட்டும், இரண்டையும் பிரித்துக் காட்டும் அளவுக்குப் படம் நுணுக்கமானதில்லை. ஞாபகம் நன்றாக இருக்கும் வயதானவர்களிலும் சிலருக்கு பாசிட்டிவ் வருவதுண்டு. நெகட்டிவ் வந்தால்தான் இந்த நோய் இருக்க வாய்ப்புக் குறைவு என்று ஓரளவு சொல்லலாம். இந்த நோயைக் கண்டறிய டாக்டர்கள் பயன்படுத்தும், 2022இல் திருத்திய பாஸ்டன் அளவுகோலே எம்.ஆர்.ஐ.யை வைத்துத்தான் முடிவு செய்கிறது, இப்போதைக்கு பெட் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இன்னொன்று, ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எனக்கு முதலில் தந்த சிடியில் வெறும் போட்டோக்கள்தான். டைகாம் ஃபைல் (ஸ்கேனின் மூல டிஜிட்டல் ஃபைல்) என்று கேளுங்கள், எஸ்.டபிள்யூ.ஐ.யோடு வரும் ஃபேஸ் (phase) படங்களும் சேர்த்து. கரும்புள்ளி ரத்தமா சுண்ணாம்புப் படிவா என்று பார்க்க அவை வேண்டும்.

பிரஷர் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். அடுத்த தடவையும் இதே 1.5 டெஸ்லா (காந்தத்தின் வலிமை) மெஷினிலேயே எடுக்கச் சொன்னார். 3 டெஸ்லாவுக்கு மாறினால் புள்ளிகள் அதிகமாகத் தெரியும், கூடியது நோயா மெஷினா என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.