24,500 ரூபா போச்சு: தூண்டில் ரீல் வாங்க இருக்கிற ஆக்கள் இதை வாசியுங்கோ

நேற்றுப் பின்னேரத்தோட எனக்கு ரீல் வித்த ஆள் என்ர நம்பரை பிளாக் பண்ணிட்டார். 24,500 ரூபா. மாசியில கச்சான் பிடுங்கி, வெயிலில காயப்போட்டு, மூட்டை கட்டி வித்த காசில மிச்சம் பிடிச்சது. இணையத்தில தூண்டில் சாமான் விக்கிற ஒரு பக்கத்துக்குப் போயிட்டுது. பக்கத்தின்ர பேரை இங்க போடேல்லை. இண்டைக்கு ஒரு பேர், நாளைக்கு வேற பேர் வைப்பினம். அந்த ஆள் கதைக்கிற விதத்தைச் சொல்லுறன், அதைக் கவனியுங்கோ.

நான் சின்னனில இருந்து முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தடியில கைத்தூண்டில் போடுறனான். தங்கூசி நூலைப் போத்தலில சுத்தி, உயிர் இறாலைக் கொளுவி எறியிறதுதான் எங்கட முறை. கொடுவா எடுக்கும், பாரைக் குட்டி எடுக்கும். முத்தையன்கட்டு, இரணைமடுப் பக்கம் விராலுக்கும் போறனாங்கள். ஆனா கையால எறிஞ்சு எவ்வளவு தூரம்தான் போகும்? இந்த முறை தடியும், நூலைச் சுத்தி வைக்கிற ரீலும் வாங்குவம் எண்டு முடிவெடுத்தன். ரீலில ரெண்டு வகை இருக்கு, ஸ்பின்னிங்கோ பெய்ட்காஸ்டிங்கோ எண்டுதான் தெரியேல்லை. அதைக் கேட்கத்தான் அந்தப் பக்கத்துக்கு மெசேஜ் போட்டன். விலை கூட கேக்கேல்லை.

அஞ்சு நிமிசத்தில கோல் வந்திது.

“தம்பி எவடம்?”

“புதுக்குடியிருப்பு அண்ணை.”

“அட, என்ர அம்மா வீடு முள்ளியவளை தம்பி! நந்திக்கடல் இறால் திண்டு வளந்தனான். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவன், கட்டாயம் சந்திப்பம்.”

அந்த இடத்திலதான் நான் விழுந்தன். அதுக்குப் பிறகு அவர் சொன்னதை ஒண்டையும் நான் சந்தேகப்படேல்லை. எங்கட பக்கத்து ஆள், வற்றாப்பளைக் கண்ணகை அம்மன்ர பொங்கலை வாயில எடுத்துக் கதைக்கிற ஆள். ஸ்பின்னிங் சின்னப் பிள்ளையள் பிடிக்கிறது எண்டார். கொடுவாக்கும் விராலுக்கும் பெய்ட்காஸ்டிங்தான், பிரேக்கைத் திருகிவிட்டா நூல் சிக்கவே சிக்காது எண்டார். “எங்கட ஊர்ப் பெடியனுக்கு நான் பிழையான சாமான் தருவனே?” தடி, ரீல், பிரெய்ட் எண்டுற பின்னின நூல் எல்லாம் சேத்து 24,500. சாமான் கைக்கு வந்த பிறகு காசு தரலாமோ எண்டு கேட்டன். வன்னிக்கு அப்பிடி அனுப்பினா பிந்தும், காசைப் போட்டா இண்டைக்கே ஏத்திவிடுறன் எண்டார்.

வங்கியில இருந்த பிள்ளை, கணக்குக்காரரின்ர பேர் சரியோ எண்டு கேட்டா. ஒரு பொம்பிளையின்ர பேர். அதிலயே நிண்டு அவருக்கு அடிச்சன். “மனிசியின்ர கணக்கு தம்பி.” ஓம் எண்டு போட்டுட்டன். அந்தப் பிள்ளை எனக்கு ஒரு வாய்ப்புத் தந்தவ. அதை நினைக்க நினைக்கத்தான் நெஞ்சு எரியுது.

ஒன்பது நாளுக்குப் பிறகு பெட்டி வந்தது. ரீல் பெய்ட்காஸ்டிங்தான், ஆனா தடியைப் பார்த்த உடனேயே பெரியப்பாவின்ர மகன் அண்ணா சொன்னவர், இது ஸ்பின்னிங் தடி எண்டு. பெய்ட்காஸ்டிங் ரீல் தடிக்கு மேல இருக்கிறது, ஸ்பின்னிங் ரீல் கீழ தொங்கிறது. பெய்ட்காஸ்டிங் தடியில சுட்டுவிரலைக் கொளுவ ஒரு கொக்கி இருக்கும், நூல் போற வளையங்கள் சின்னன். எனக்கு வந்த தடியில கொக்கியும் இல்லை, முதல் வளையம் அஞ்சு ரூபாக் குத்தியை விடப் பெரிசு.

அப்பவும் எனக்கு விளங்கேல்லை. கட்டிக்கொண்டு வட்டுவாகலுக்குப் போனன். சோளகம் நல்லா இரைஞ்சு கொண்டிருந்தது. நந்திக்கடல் பக்கம் பார்த்து ஒரு எறி. இறால் பத்துப் பாகம் போயிருக்காது, ரீலுக்க நூல் குருவிக்கூடு மாதிரிக் குவிஞ்சிட்டுது. பிரேக்கை 10 மட்டும் திருகிப்போட்டு எறிஞ்சன், திரும்பவும் அதேதான். மூண்டாம் தரம் ஐயா ஒண்டும் பேசாமல் கத்தியை எடுத்து நூலை வெட்டினார்.

ஏன் சிக்குது எண்டு அண்ணாதான் விளங்கப்படுத்தினவர். பெய்ட்காஸ்டிங்கில எறியேக்க நூல் உருளையே சுழலும். காத்து இரையைத் தடுத்தாலும் உருளை தன்ர வேகத்தில சுத்தும், கழண்ட நூல் போக இடமில்லாமல் உள்ளுக்குள்ள குவியும். பெருவிரலால அமத்தப் பழகோணும், பிரேக்கும் வேலை செய்யோணும். ஸ்பின்னிங்கில உருளை அசையாது, நூல் அதின்ர விளிம்பால கழண்டு போகும். பாரம் குறைஞ்ச இறாலை எதிர்க்காத்தில எறிய அதுதான் லேசு. நான் இறாலில பிடிக்கிறனான் எண்டு அந்த ஆளுக்கு முதல் கோலிலயே சொன்னனான்.

பெய்ட்காஸ்டிங்கைக் குறை சொல்லேல்லை. அண்ணாவிட்ட நல்லது ஒண்டு இருக்கு. ரப்பர் தவளையைத் தாமரை இலைக்கு மேல போட்டு, விரால் பாசிக்குள்ள ஓட முதல் மொத்த நூலில இழுத்தெடுக்க அதைப்போல வராது. ஆனா பிரேக் வேலை செய்யிற ரீலா இருக்கோணும்.

வீட்ட வந்து என்ர ரீலின்ர பக்க மூடியைக் கழட்டினன். உட்பக்கம் வட்டமா ஆறு சின்னக் குழி, உருளையைப் பிடிக்கிற பிரேக் காந்தம் இருக்க வேண்டிய இடம். ஆறும் வெறுங்குழி. ஒண்டில மட்டும் பசை காய்ஞ்சு மஞ்சளாக் கிடந்தது. வெளியில 1 இல இருந்து 10 மட்டும் இலக்கம் போட்டு, திருக டிக் டிக் எண்டு சத்தமும் வருது. உள்ளுக்கு ஒண்டுமில்லை. இதுக்குத்தான் 24,500.

முதல் நாள் “பழக்கம் காணாது தம்பி” எண்டார். குழியைப் படம் எடுத்து அனுப்பினன், “அது புது மொடல், காந்தம் தேவையில்லை.” தடியைக் கேட்டன், “ஸ்ரோரில மாறிப் போட்டினம்.” பிறகு, திருப்பி எடுக்கக் கூரியர்க் காசு 1,850 போடச் சொன்னார். போடேல்லை. அதுக்குப் பிறகு, திறந்த சாமானை எடுக்க ஏலாதாம். திறக்காமல் காந்தம் இல்லை எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? கடைசியா, “பொங்கலுக்கு வாறன், கையில வேற ரீல் தாறன்.”

போன திங்கள் வற்றாப்பளைக் கோயில் பொங்கல். அவ்வளவு சனத்துக்குள்ள அந்தப் பெட்டியை உரப்பையில போட்டுக்கொண்டு இரவு பத்து மணி மட்டும் கோயில் ரோட்டில நிண்டன். நாலு தரம் அடிச்சன், எடுக்கேல்லை. நேற்று பிளாக்.

எந்த ரீல் யாருக்குச் சரி எண்டு ஆறுதலா எழுத இருந்தனான், இப்ப மனம் வரேல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: இறால், சின்ன இரை எண்டா முதல் ரீல் ஸ்பின்னிங் எடுங்கோ. காசை முதல் போடாதீங்கோ. கணக்கு வேற ஆளின்ர பேரில இருந்தா அதிலயே நிப்பாட்டுங்கோ. ஏலுமெண்டா கடையில நேர போய் மூடியைத் திறந்து பார்த்து வாங்குங்கோ. பில் கேளுங்கோ, நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பரில முறையிடப் போனாலும் காட்ட ஏதாவது வேணும். என்னட்ட இருக்கிறது வங்கித் துண்டும் மெசேஜுகளும்தான்.

நேற்றிரவு அக்காவின்ர போனால அடிச்சுப் பார்த்தம், ரீல் வாங்கப்போற ஆள் மாதிரி. உடனே எடுத்தார். எவடம் எண்டு கேட்டார். அக்கா மல்லாவி எண்டா.

“அட, என்ர அம்மா வீடு துணுக்காய் தங்கச்சி!”