நல்லூரடியில் ஒரு சினக் கட்டுப்பாட்டுப் பயிற்சி

கறியில் உப்புக் குறைந்ததற்காக நான் சோற்றுக் கோப்பையை நிலத்தில் எறிந்த அன்று, பத்து வயது மகள் மேசைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டாள். அவள் வெளியே வர அரை மணித்தியாலம் சென்றது. அந்த வாரமே, நல்லூரடியிலுள்ள ஓர் உளவளத்துணை நிலையத்தின் ஆறு வாரப் பயிற்சியில் பெயர் பதிந்தேன்.

முதல் நாள் மடிக்கணினியில் ஒரு சோதனை வைத்தார்கள். பச்சை வட்டம் தோன்றினால் விசையை அழுத்த வேண்டும், சிவப்பு தோன்றினால் அழுத்தக்கூடாது. பச்சை பலமுறை தொடர்ந்து வந்த பின் சட்டென்று சிவப்பு வந்தபோது, அது சிவப்புத்தான் என்று கண்ட பிறகும் என் விரல் அழுத்திவிட்டது. கோப்பையை எறிந்த கையும் இப்படித்தான் எனக்கு முந்திக்கொண்டது என்பது அப்போது உறைத்தது. மூளையின் உட்புறத்திலுள்ள அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்தையும் அவமதிப்பையும் விரைந்து உணர்ந்து உடலை உசுப்பிவிடுகிறது என்றும், தொடங்கிவிட்ட செயலை நிறுத்துவதில் நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்நுதல் மேற்பட்டைக்கு, குறிப்பாக அதன் வலது கீழ்ப் பகுதிக்கு, முக்கிய பங்குண்டு என்றும் உளவளத்துணையாளர் பொறுமையாக விளக்கினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று கேட்டே வளர்ந்த எனக்கு, புத்தி இருந்தும் அது வந்துசேரப் பிந்துகிறது என்ற விளக்கம் பெரும் ஆறுதலாக இருந்தது.

ஆயினும் அந்தச் சோதனைக்கு அவர்கள் அளவுக்கு மீறிய இடம் கொடுத்தார்கள். எங்கள் குழுவில் எதற்கும் முதல் ஆளாகச் சீறியவர் ஒரு பிழையும் விடவில்லை. யாரும் சீண்டாத அமைதியான அறையில் விரலை அடக்குவதும், வீட்டில் வாய்த்தர்க்கத்தின் நடுவே நாவை அடக்குவதும் வேறு வேறு. சினம் எழும் கணத்தையும் எளிதில் சினம் கொள்ளும் சுபாவத்தையும் ஸ்பீல்பேர்கர் என்ற உளவியலாளர் பிரித்து அளந்தார். அதைத் தழுவிய வினாக்கொத்தே என்னைச் சரியாகக் காட்டியது.

1848இல் இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்த பின் சுபாவமே மாறிப்போனதாகச் சொல்லப்படும் அமெரிக்கத் தொழிலாளி பினியாஸ் கேஜின் கதையைச் சொன்னதும் எனக்கு உடன்பாடில்லை. அது காயப்பட்ட மூளையின் கதை. அதைக் கேட்ட பின் அருகிலிருந்த பெரியவர் தம் மூளையும் பழுதோ என்று கலங்கினார். நித்திரைக் குறைவும் மதுவும் செயலை நிறுத்தும் மூளையின் தடுப்பைத் தளர்த்துவதைப் பற்றி இரண்டு வசனங்களோடு முடித்துக்கொண்டார்கள். அதற்கல்லவா ஒரு முழு நாள் வேண்டும்!

வகுப்பு வேலைநாளில், பிற்பகல் 3 மணிக்கு நடப்பதால் ஆறு முறையும் அரைநாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமைக்கு மாற்றினால் என் தம்பியையும் அனுப்புவேன்.